கார்டின் வேகத்தோடு கேபிளின் தாங்குதிறனையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி பழுதுபார்ப்பது என் தொழில். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன். புதிய கிராபிக்ஸ் கார்டு வந்தால் எந்த கேம் எவ்வளவு வேகமாக ஓடும், எத்தனை வாட் பவர் சப்ளை வேண்டும் என்றெல்லாம் விவரமாக எழுதுகிறீர்கள். ஆனால் அந்த மின்சாரம் எந்த கேபிள் வழியாகக் கார்டுக்குள் போகிறது என்பது பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. பழுதுபார்க்கிறவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது.

மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும். கேபிள் முனையில் 6 பின் (உலோக ஊசி) உள்ள கனெக்டருக்கு 75 வாட், 8 பின்னுக்கு 150 வாட் என்பது வரையறை. 8 பின்னில் 12 வோல்ட் வரும் பின்கள் மூன்றுதான். 150 வாட் என்றால் ஒரு பின்னுக்கு நாலு ஆம்பியருக்குச் சற்று மேல். நல்ல பின் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாங்கும். ஒரு பின் சரியாகப் பிடிக்காவிட்டாலும் மற்ற இரண்டும் சமாளித்துவிடும். அதனால்தான் அந்தக் கனெக்டர் இத்தனை வருடம் அதிகம் தொல்லை தராமல் ஓடியது.

2022-இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுடன் பரவலான 16 பின் கனெக்டரின் கதை வேறு. அதன் வரம்பு 600 வாட், அதாவது 50 ஆம்பியர். அது 12 வோல்ட் தரும் ஆறு பின்களில் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியர் ஓடும். பின்னின் உச்சவரம்போ ஒன்பது ஆம்பியரைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். இரண்டு பின்கள் சரியாகத் தொடவில்லை என்றால் மீதி நான்கும் தலைக்கு 12.5 ஆம்பியர் சுமக்க வேண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அந்தச் சூட்டில் பின்னின் பிடி இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சுடும்.

அப்படிப்பட்ட ஒரு கார்டு என் மேசைக்கு வந்தது. வெளியில் எந்த அடையாளமும் இல்லை. பிளக்கை இழுத்தால் வரவில்லை. மெல்ல அசைத்து எடுத்தபோது ஓரத்துப் பின்கள் இரண்டு மட்டும் கறுத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிச் சாக்கெட்டில் ஒட்டியிருந்தது. மற்ற நான்கும் பளபளவென்று புதிதுபோல இருந்தன. சுமை எங்கே ஏறியது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. பவர் சப்ளைக்கு இது தெரியவே தெரியாது. மொத்த மின்னோட்டம் வரம்புக்குள் இருந்ததால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

2023-இல் இந்த 16 பின் கனெக்டருக்கு வந்த 12வி-2x6 என்ற திருத்தத்தில், பிளக் இணைந்ததைக் கார்டுக்குச் சொல்லும் நான்கு சிறு சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள். பிளக் முழுதாக இறங்காவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காது. நல்ல மாற்றம்தான், ஆனால் பாதிக் கிணறு. முழுதாக இறங்கிய பிளக்கிலும் பின்களுக்குள் சுமை ஏறுமாறாகப் பிரியலாம். ஆறு பின்களையும் கார்டில் ஒரே இணைப்பாகச் சேர்த்துவிட்டால், எதில் எவ்வளவு ஓடுகிறது என்று கார்டால் அறிய முடியாது. 4090-க்கு முந்தைய தலைமுறையில் சில கார்டுகள் அவற்றை மூன்று தொகுதிகளாகப் பிரித்துக் கண்காணித்தன. 575 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090 போன்ற கார்டுக்கு அந்தக் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும். தயாரிப்பாளர்களிடம் பத்திரிகைகள்தான் இதைக் கேட்க வேண்டும். கடையில் நின்று வாங்குகிறவர் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

இன்னொன்று, ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளை 6 பின்னாக மாற்றும் அடாப்டர்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பகுதி 54 வாட்டுக்குத்தான். அதில் 75 வாட் இழுக்கும் பொருளை எப்படி விற்கிறார்கள் என்றே புரியவில்லை. அப்புறம், ஒரு பவர் சப்ளையின் கழற்றி மாட்டும் கேபிளை வேறு நிறுவனத்தின் சப்ளையில் செருகுவதும் ஆபத்து. சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. பிளக் அழகாகப் பொருந்தும், போர்டு போய்விடும்.

அடுத்த கார்டைப் பற்றி எழுதும்போது ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். அது எந்தக் கனெக்டர், முழுச் சுமையில் பின்னுக்கு எத்தனை ஆம்பியர், பின்வாரியாகக் கண்காணிப்பு உண்டா, கேபிளை மடக்குவதற்கு முன் பிளக்கிலிருந்து எவ்வளவு தூரம் நேராக விட வேண்டும். இந்த நான்கும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர்