கனவு அணியில் மூன்றாம் பேஸ் டிரம்காரருக்கும் இடம் வேண்டும்

டிரம் கார்ப்ஸ் இன்டர்நேஷனல் நிர்வாகக் குழுவினருக்கும், அதன் புகழரங்கத் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம்.

டிரம் கார்ப்ஸின் எல்லாக் காலத்துக்குமான கனவு அணியில் யார் யாரைச் சேர்ப்பது என்ற பேச்சு ரசிகர்களிடையே ஓய்வதே இல்லை. நானும் அதில் ஆசையோடு கலந்துகொள்கிறவன்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒன்றே நடக்கிறது. களத்தில் நின்று வாசித்தவர்களின் பெயர்கள் கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. அப்புறம் வருவதெல்லாம் அவர்களை வாசிக்க வைத்தவர்களின் பெயர்கள். பித்தளைக் கருவிகள் என்றால் ஜிம் ஆட், வெய்ன் டவுனி. தாளம் என்றால் ஃபிரெட் சான்ஃபோர்ட், ரால்ஃப் ஹார்டிமன், தாம் ஹானம். களத்தில் அணி நகரும் கோலம் என்றால் ஜார்ஜ் ஜிங்காலி. எல்லோரும் மேதைகள், சந்தேகமில்லை. ஆனால் நாம் கேட்டது வாசித்தவர்களின் அணியை அல்லவா?

தமிழ் வாசகர்களில் பலருக்கு டிரம் கார்ப்ஸ் புதிதாக இருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள், கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு ஆகிய மூன்று பிரிவினரும் சேர்ந்து நடந்தும் ஓடியும் வாசிக்கும் போட்டிக் கலை இது. இந்தப் போட்டிகளை நடத்துவதுதான் டிரம் கார்ப்ஸ் இன்டர்நேஷனல். உறுப்பினர்கள் 22 வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள். சம்பளம் கிடையாது, அவர்கள்தான் பணம் கட்டிச் சேர வேண்டும். கோடை முழுக்கப் பேருந்தில் ஊர் ஊராகப் போய், பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுத்துறங்கி, வெயிலில் பயிற்சி செய்து, பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றைச் செதுக்குவார்கள். வயது வரம்பைத் தொட்டதும் வெளியேற வேண்டும். இன்னொரு வாய்ப்பு கிடையாது.

இப்படி வந்து போனவர்களின் பெயர்களை யார் வைத்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

உங்கள் இறுதிப் போட்டியில் பிரிவுவாரியாகக் கொடுக்கும் விருதுகளைப் பாருங்கள். பித்தளைக்கு ஜிம் ஆட் விருது, தாளத்துக்கு ஃபிரெட் சான்ஃபோர்ட் விருது, கலர் கார்டுக்கு ஜார்ஜ் ஜிங்காலி விருது, காட்சி நேர்த்திக்கு ஜான் பிரசால் விருது, ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு டான் ஏஞ்சலிக்கா விருது. இசையமைத்தவர்கள், பயிற்றுவித்தவர்கள், வடிவமைத்தவர்கள், மதிப்பிட்டவர்கள் என்று இவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். 1985இல் தொடங்கிய புகழரங்கத்திலும் பெரும்பாலும் இயக்குநர்களும் பயிற்றுநர்களும் நடுவர்களும்தான்.

ஜிம் ஆட்டின் தங்கை பானி ஆட், 1970களின் பிற்பகுதியில் புளூ டெவில்ஸ் அணியில் மெல்லோஃபோன் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்தவர். என் கனவு அணியில் முதலில் எழுதும் பெயர் அவருடையதுதான். அந்தக் காலத்துக் கருவியை நினைத்துப் பாருங்கள். ஜி சுருதியில் அமைந்த பியூகிள் என்ற ஊதுகொம்பு வகை. சுரத்தை மாற்ற 1977 வரைக்கும் ஒரு பிஸ்டன் வால்வு, ஒரு சுழல் வால்வு, அவ்வளவுதான். சில சுரங்கள் அதில் வரவே வராது, வருகிற சிலவும் சுருதி நழுவும். மூன்று வால்வு அனுமதிக்கப்பட்டது 1990இல். ஜி சுருதிக் கட்டுப்பாடு தளர்ந்தது 2000இல். இன்றைய மெல்லோஃபோனில் ஓர் இளைஞர் இயல்பாக எட்டும் இடத்தை எட்ட, பானி ஆட் உதட்டாலும் மூச்சாலும் எவ்வளவு ஈடுகட்டியிருக்க வேண்டும்! பதிவுகளில் ஒலித்தரம் மோசம்தான். ஆனாலும் அவர் வாசிப்பில் உள்ள பாட்டு இன்றும் குன்றாமல் கேட்கிறது.

எனவே, இன்றைய அளவுகோலை நேற்றைய ஆட்களின் மேல் வைக்காதீர்கள். 2014இல் புளூ டெவில்ஸ் பெற்ற 99.65ஐ 1970களின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. அன்று பிழை ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழித்த முறை. 1984 முதல் அது மாறிவிட்டது. 1980களில் அணிக்கு 128 பேர் என்பதே வரம்பு. பின்னால் அது 150 ஆனது. களத்தின் முன்னால் நிலையாக நின்று வாசிக்கும் முன்வரிசைத் தாளக் கருவிகளுக்கு ஒலிபெருக்கி வந்தது 2004இல், மின்னணுக் கருவிகள் வந்தது 2009இல். காலத்துக்குக் காலம் ஆட்டமே வேறு.

தனி வாசிப்பாளர்களைத் தேர்வது ஓரளவு எளிது. சாண்டா கிளாரா வேன்கார்டின் ஸ்னேர் (அடியில் கம்பி இழை பூட்டிய சிறு டிரம்) வரிசையில் நின்ற ராப் கார்சன், பிறகு மேடைக்குப் போன ஜெஃப் குவீன் போன்றவர்களின் பெயர்கள் தனிநபர் போட்டிகளாலும் பின்னாள் புகழாலும் நிலைத்தன. ஆனால் ஒன்பது சிறந்த ஸ்னேர் வாசிப்பாளர்களை ஒன்றாக நிறுத்தினால் சிறந்த ஸ்னேர் வரிசை கிடைத்துவிடுமா? கிடைக்காது. குச்சி எழும் உயரம், மணிக்கட்டின் திருப்பம், தட்டலின் கனம் எல்லாம் ஒன்பது பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் தனிப் பாணி உண்டு. இரண்டு பாணிக்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணும் காதும் உடனே கண்டுபிடித்துவிடும்.

கனத்த ஒலி தரும் பெரிய டிரம்களான பேஸ் டிரம் வரிசையில் இது இன்னும் கூர்மை. ஐந்து பேர், ஐந்து அளவு டிரம், ஐந்து சுருதி. வேகமான ஒரு தாள ஓட்டத்தை ஐவரும் பங்கு போட்டு அடிப்பார்கள். ஒருவருக்கு அதில் ஒரு தட்டு, இன்னொருவருக்கு இரண்டு. நடுவில் நிற்கும் மூன்றாம் டிரம்காரர் தன் பங்கை மட்டும் தனியாக வாசித்துக் காட்டினால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. அவர் ஒரு நூலிழை பிந்தினால் ஐவரின் ஓட்டமும் உடையும். அதுவும் நடந்துகொண்டே, பின்னோக்கியும் பக்கவாட்டிலும் நகர்ந்துகொண்டே. இந்த உழைப்புக்குத் தனிநபர் பட்டம் எப்படிக் கொடுப்பது? அதனால்தான் கேட்கிறேன்: கனவு அணியைத் தனி ஆட்களாகத் தேர்வு செய்யாதீர்கள், வரிசை வரிசையாகத் தேர்வு செய்யுங்கள். தேர்ந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவரின் பெயரையும் அச்சிடுங்கள்.

2008இல் ஃபேண்டம் ரெஜிமென்ட் புளூ டெவில்ஸை வென்றது 0.025 புள்ளியில். அந்த 0.025 யாருடையது? களத்தில் நின்ற யாருடையதாகவும் இருக்கலாம்.

வென்ற அணிகளோடு நிறுத்திவிடவும் கூடாது. ஸ்டார் ஆஃப் இண்டியானா 1993இல் 97.3 பெற்றுக் கேடட்ஸிடம் 0.1 புள்ளியில் தோற்றது. அன்று ரசிகர்களில் பலருக்கு அந்த நிகழ்ச்சி பிடிக்கவே இல்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் எத்தனை பேர் அந்தப் பாதையில் நடந்தார்கள்! என் கனவு அணியின் பித்தளை வரிசை அந்த 1993 வரிசைதான். கோப்பை வென்ற 1991 வரிசையை விட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். கலர் கார்டுக்கு மாசசூசெட்ஸ் ரெவியரின் 27வது லான்சர்ஸ். அவர்கள் ஒருமுறைகூடப் பட்டம் வெல்லவில்லை, இருந்தாலும் அந்தத் துப்பாக்கி வரிசைக்கு இணை சொல்ல எனக்கு ஆள் இல்லை. கைத்தாள (சிம்பல்) வரிசைக்கு வேன்கார்ட். மற்ற அணிகள் பல அதைக் கைவிட்ட பிறகும் அவர்கள் காப்பாற்றி வந்தார்கள். நடைக்கு 2002இன் கேவலியர்ஸ்.

பழைய பட்டியல்களை எடுக்கும்போது இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். மேடிசன் ஸ்கவுட்ஸ் 1975இலும் 1988இலும் வென்றபோது அங்கே பெண்களுக்கு இடமில்லை. அந்த வரிசைகளைச் சிறந்தவை என்று சொல்லும்போதே, வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு என்ற குறிப்பு பக்கத்தில் இருக்கட்டும்.

இதை இப்போது எழுதக் காரணம், அணிகள் மறைந்துகொண்டிருக்கின்றன. 1934இல் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டில் தொடங்கிப் பத்து முறை உங்கள் பட்டம் வென்ற கேடட்ஸ் 2024இல் மூடப்பட்டது. வேன்கார்டே 2023இல் பணமில்லாமல் களமிறங்கவில்லை. 1972இல் விஸ்கான்சின் ஒயிட்வாட்டரில் முதல் பட்டம் வென்ற அனஹைம் கிங்ஸ்மென் இன்று போட்டியில் இல்லை. கான்சஸின் அர்கோன் ரெபெல்ஸ், பேயோனின் பிரிட்ஜ்மென், ஸ்டார் ஆஃப் இண்டியானா ஆகியவையும் இல்லை. அணி போனால் அதன் அலமாரி எங்கே போகும்? உறுப்பினர் பட்டியல்களும் பயண ஏடுகளும் யாருடைய வீட்டு மாடியில் கிடக்கின்றனவோ!

1972இல் 21 வயதாக இருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. கேட்டால் பக்கத்தில் நின்றவர் யார் என்று அவரால் இன்னும் சொல்ல முடியும்.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இதுதான். நீங்கள் ஒரு கனவு அணியை அறிவிப்பதானால், அதற்கு முன் ஒரு பொதுப் பெயரேட்டைத் திறங்கள். 1972 முதல் இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொரு அணிக்கும் ஒரு பக்கம். சம்மதம் தருபவர்களின் பெயர், ஆண்டு, கருவி, வரிசையில் நின்ற இடம், இவ்வளவு போதும். மறைந்த அணிகளின் பக்கங்களை முதலில் நிரப்புங்கள், மற்றவை காத்திருக்கலாம். கலர் கார்டையும் முன்வரிசைத் தாளக்காரர்களையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பிறகு பயிற்றுநர்களை மட்டும் கேட்காமல், களத்தில் வாசித்தவர்களையே வாக்களிக்க விடுங்கள். புகழரங்கத்திலும் வாசித்தவர்களுக்கென்று ஆண்டுதோறும் ஓர் இடம் ஒதுக்குங்கள். முதல் இடத்தைத் தனி ஒருவருக்குக் கொடுக்காமல், ஒரு பேஸ் டிரம் வரிசையின் ஐந்து பேருக்கும் சேர்த்தே கொடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் ரசிகன் ஒருவன்