பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

பாளையங்கோட்டை
ஐப்பசி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அம்மா, ஆச்சி, நான் எல்லாரும் சுகம். நாலு நாளாக மழை விடவில்லை. குறுக்குத்துறைக் கோயிலுக்குள் ஆறு வந்துவிட்டதாகப் பால்காரர் சொன்னார்.

சூரியக் கடிகாரப் படம் வந்தது. வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்டதற்கு அதுதான் பதில் போல. சரி, அதுவாவது வந்ததே. அம்மா தெரு முழுக்கக் காட்டியாகிவிட்டது. கேம்பிரிட்ஜ் என்று சொல்லும்போது அவள் குரல் எங்கே ஏறுகிறது தெரியுமா?

குயின்ஸ் கல்லூரி முற்றத்துச் சுவரில் இருக்கிற அந்தக் கடிகாரம் நியூட்டன் வைத்தது என்று அங்கே சொல்கிறார்களாமே, நம்பாதே. இப்போதிருப்பது 1733இல் வந்தது. அவர் 1727லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இடத்தில் 1642லேயே ஒரு கடிகாரம் இருந்திருக்கிறது. அது அவர் பிறந்த வருஷம். தொட்டில் பிள்ளையா ஏணி ஏறிக் கோடு போட்டது?

கீழே இருக்கிற எண் வரிசை நிலாவுக்கானது. பௌர்ணமிக்கு நிலா நிழலே மணி சொல்லிவிடும். மற்ற நாளில் பௌர்ணமியிலிருந்து தள்ளிப்போன ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 48 நிமிஷம் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். நீ நிலா வெளிச்சத்திலேயே நின்று சரிபார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். உன் செய்தி இங்கே வந்தது காலை ஏழரைக்கு. அங்கே அப்போது ராத்திரி இரண்டு. அந்நேரத்தில் அந்தக் குளிரில் முற்றத்தில் உனக்கு என்ன வேலை? காலாகாலத்தில் படு. காதை மூடிக்கொள். ஒருவேளையாவது சோறு பொங்கிச் சாப்பிடு. முத்துவிடம் பேசினேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளியன்று ஆச்சி கைக்குப் போன் போவதற்குள் வைத்துவிட்டாய். அவள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். காலாகாலத்தில் படு.

இன்னொன்று சொல்ல வேண்டும். பத்தாவது முடித்த மே மாதம், அடுப்படியில் மிஞ்சிய கடப்பைக்கல்லில் அம்மாவின் நெயில் பாலிஷால் கோடு போட்டு, குடைக்கம்பியைக் கல்லிலிருந்து 9 பாகை மட்டும் தூக்கிச் சாய்த்து மொட்டை மாடியில் வைத்தாயே, நினைவிருக்கிறதா? மாமா, அத்தை எல்லாரும் சுற்றி நிற்க, 'கால் மணி நேரம் பிந்துகிறது, இது என்ன கடிகாரம்' என்றேன். 'குச்சி என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டாமா' என்று கம்பியை நானே நிமிர்த்தினேன். அன்றைக்கு இறங்கிப் போனவள், அப்புறம் எதையும் செய்து என்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை.

நீ செய்தது சரி. கம்பி துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊருக்கு அது அடிவானத்திலிருந்து ஒன்பது பாகைகூட இல்லை, அதனால் கம்பி படுத்த மாதிரிதான் கிடக்கும். 1906இலிருந்து நாம் வைத்திருக்கிற மணி, வடக்கே மிர்சாப்பூர் பக்கம் போகிற 82½ பாகைத் தீர்க்கக்கோட்டின் மணி. நாம் அதற்கு மேற்கே இருப்பதால், நம் சூரியன் அதற்கு 19 நிமிஷம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். சூரியனும் வருஷம் முழுக்க ஒரே சீராக வராது; மே மாதத்தில் அதில் ஒரு நாலு நிமிஷம் குறையும். மிச்சம்தான் நீ காட்டிய கால் மணி. பிப்ரவரியில் பார்த்திருந்தால் 33 நிமிஷம் பிந்தியிருக்கும், இந்த ஐப்பசியில் மூன்றே நிமிஷம்.

முப்பது வருஷம் கணக்கு வாத்தியார், இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. மறு வருஷமே ஒரு புத்தகத்தில் படித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

நேற்று மழை விட்ட நேரத்தில் தேடினேன். கல் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கிடக்கிறது. கோடெல்லாம் போய்விட்டது, பன்னிரண்டு மட்டும் சிவப்பாக இருக்கிறது. கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். பழைய குடை ஒன்றும் இருக்கிறது. மற்ற மணிக்கோடுகளுக்குக் கோணம் எப்படிக் கணக்குப் போட்டாய்? எழுத வேண்டாம், போனில் சொல். எந்நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா