வயிற்று ஸ்கேனில் குடலையும் பாருங்கள்: மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் கதிரியல் துறைத் தலைவர்கள், இரைப்பை குடல் மருத்துவத் துறைத் தலைவர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஸ்கேன் மையம் நடத்திவரும் கதிரியல் மருத்துவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நாட்பட்ட குடல் அழற்சி நோய்களான குரோன் நோயும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் உள்ளவர்கள் என்னிடம் வரும்போது ஒரு கட்டுப் பழைய அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டுகளையும் கொண்டுவருகிறார்கள். எந்த ஊரில் எடுத்ததானாலும் அவற்றின் வாசகம் ஏறத்தாழ ஒன்றே: கல்லீரல் இத்தனை சென்டிமீட்டர், பித்தப்பையில் கல் இல்லை, மண்ணீரலும் சிறுநீரகங்களும் இயல்பு. நோய் குடியிருக்கும் குடலைப் பற்றி மட்டும் ஒரு சொல் இராது. இருந்தால், வாயு மிகுதியால் சரியாகத் தெரியவில்லை என்ற ஒரு வரி இருக்கும். கெட்டியான உறுப்புகளைப் பார்ப்பதே வயிற்று ஸ்கேன் என்ற வழக்கம் நம் முதுநிலைப் பயிற்சியிலேயே ஊறிவிட்டது. அதை மாற்றும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் என்பதால் இந்த மடல் உங்களுக்கு.

குரோன் நோய் குடலின் உள்படலத்தோடு நிற்பதில்லை. சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவுகிறது. அதனால்தான் குடல் சுருங்கி அடைப்பு ஏற்படுவதும், சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துக் குடலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ ஃபிஸ்டுலா என்ற புழை உண்டாவதும், வயிற்றுக்குள் சீழ்க்கட்டி திரள்வதும் நேர்கின்றன. ஆசனவாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி உள்படலத்தைத்தான் காட்டும். குறுக்கம் கடுமையாக இருந்தால் அதைத் தாண்டிப் போகவும் முடியாது. சுவருக்குள்ளும் சுவருக்கு வெளியேயும் என்ன நடக்கிறது என்று அறிய சி.டி., எம்.ஆர். என்டரோகிராபி (குடலுக்கான எம்.ஆர்.ஐ.), அல்ட்ராசவுண்ட் ஆகிய மூன்று வழிகள் உள்ளன. இவற்றுள் கதிர்வீச்சு இல்லாததும், செலவு குறைந்ததும், வட்ட மருத்துவமனை வரை பரவியிருப்பதும் மூன்றாவதுதான். பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கி ஆயுள் முழுதும் தொடரும் நோய்க்கு, ஒவ்வொரு முறையும் சுமார் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு தரும் வயிற்று சி.டி.யைத் திரும்பத் திரும்ப எடுப்பது சரியல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்முறை கடினமானதன்று. வளைந்த ப்ரோபால் (ஸ்கேன் கருவியின் கைப்பகுதி) வயிறு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதிர்வெண் கூடிய நேர்கோட்டு ப்ரோபுக்கு மாறி, வலது அடிவயிற்றில், முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் சோவாஸ் தசையையும் இலியாக் ரத்தக் குழாய்களையும் அடையாளமாகக் கொண்டால் சிறுகுடலின் கடைப்பகுதி அவற்றின் மேல் படுத்திருக்கும். மெதுவாக, விட்டுவிட்டு அழுத்தினால் வாயு விலகும். ரிப்போர்ட்டில் வாயுவைக் குற்றம் சொல்லும் பலர் இந்த ஒரு நிமிட அழுத்தத்தைச் செய்வதில்லை என்பது என் கருத்து. சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கிறதா, அடுக்கடுக்கான அதன் அமைப்பு கலைந்திருக்கிறதா, டாப்ளரில் சுவருக்குள் ரத்த ஓட்டம் மிகுந்திருக்கிறதா, சுற்றியுள்ள கொழுப்பு வெளுத்துத் திரண்டு குடலைப் போர்த்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவர் தடித்து உள்வழி ஒடுங்கிய இடத்துக்கு மேலே குடல் 3 சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்து, உள்ளே இருப்பது முன்னும் பின்னும் அலைவதைத் திரையில் கண்டுவிட்டால் குறுக்கத்தைப் பற்றிய ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இந்த அசைவு சி.டி.யின் நிலைப்படத்தில் கிடைக்காது. அந்தக் குறுக்கம் அழற்சியால் வந்ததா, தழும்பால் வந்ததா என்பதை மட்டும் எந்தப் படமும் இன்னும் நம்பகமாகப் பிரித்துச் சொல்வதில்லை. பல குறுக்கங்களில் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

சீழ்க்கட்டியின் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காய்ச்சலோடும் வலியோடும் வரும் குரோன் நோயாளிக்கு நோய் முற்றியிருக்கிறது என்று கருதி ஸ்டீராய்டைக் கூட்டுவதோ நோயெதிர்ப்பை அடக்கும் உயிரியல் மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் தொடங்குவதோ இயல்பான முடிவு. உள்ளே வடிக்கப்படாத சீழ் இருந்தால் அதே முடிவு உயிருக்கு ஆபத்தாக முடியலாம். வலது தொடையை நீட்ட முடியாமல் சற்றே மடக்கியபடி நொண்டிக்கொண்டு ஸ்கேன் கட்டிலுக்கு வரும் இளைஞரைக் கண்டால், ஜெல் தடவுவதற்கு முன்பே சோவாஸ் தசையைத்தான் நினைக்க வேண்டும். அங்கே கருநிறத் திரவத் திரட்சி, அதன் உள்ளே ரத்த ஓட்டமின்மை, விளிம்பில் மட்டும் ஓட்டம் என்றிருந்தால் அது சீழ்க்கட்டி. உள்ளேயும் ரத்த ஓட்டம் இருந்தால் சீழாக மாறாத அழற்சித் திரளாக இருக்க வாய்ப்பு அதிகம். நுண்குமிழிக் கான்ட்ராஸ்ட் (ரத்த ஓட்டத்தைத் தெளிவாகக் காட்ட நரம்பில் செலுத்தும் மருந்து) கிடைக்கும் இடங்களில் இந்த வேறுபாடு இன்னும் துல்லியமாகத் தெரியும். முதலாவதற்கு வடிகுழாயும் ஆன்டிபயாட்டிக்கும், இரண்டாவதற்கு வேறு வழி. சிறுநீரில் குமிழி வருகிறது என்று நோயாளி சொன்னால், சிறுநீர்ப்பைக்குள் மின்னும் வாயுப் புள்ளிகளையும், குடலிலிருந்து அதை நோக்கிப் போகும் கரிய ஃபிஸ்டுலாத் தடத்தையும் தேட வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2018இல் வெளியிட்ட மெட்ரிக் ஆய்வில், சிறுகுடலில் குரோன் நோய் இருப்பதைக் கண்டறியும் திறன் எம்.ஆர். முறைக்கு 97 விழுக்காடு, அல்ட்ராசவுண்டுக்கு 92 விழுக்காடு. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சரியாகச் சொல்வதில் எம்.ஆர். முறைக்கு 80 விழுக்காடு, அல்ட்ராசவுண்டுக்கு 70 விழுக்காடு. எம்.ஆர். முறையே மேல் என்பதுதான் அதன் முடிவு. ஆனால் எம்.ஆர். முறைக்காகக் காத்திருக்கும் நம் நோயாளிக்கு, இன்றே கிடைக்கும் 92 விழுக்காடு சிறிய விஷயமல்ல. மலக்குடலும் இடுப்புக்குழியின் ஆழமும் வயிற்றின் மேலிருந்து சரியாகத் தெரியாது. ஆசனவாய்ப் பக்கத்து பௌத்திரத்துக்கு எம்.ஆர்.தான் முதன்மை. குடல் கிழிந்திருக்குமோ என்ற ஐயம் வந்தால் சி.டி.க்குத் தயங்கக் கூடாது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. குரோன் நோய் விரும்பும் அதே சிறுகுடல் கடைப்பகுதியைத்தான் குடல் காசநோயும் விரும்புகிறது. நீண்ட பகுதி தடித்திருப்பதும் கொழுப்புத் திரள்வதும் குரோனை நோக்கியும், நடுப்பகுதி கருத்த பெரிய நிணநீர்க் கணுக்களும் வயிற்று நீரும் காசநோயை நோக்கியும் கை காட்டும்; ஆனால் ஸ்கேனைக் கொண்டு தீர்ப்பெழுதக் கூடாது, திசுப் பரிசோதனை வேண்டும். ஐயத்தின்பேரில் காசநோய் மருந்து தொடங்கப்பட்டவர்களில், சுவரின் கனம் குறைகிறதா, குறுக்கம் இறுகுகிறதா என்பதைச் சில வாரங்களுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை. மருந்து பலிக்கவில்லை என்பதை அடைப்பு வந்த பிறகு தெரிந்துகொள்வது நோயாளிக்கு நாம் செய்யும் அநீதி.

ஜெர்மனியிலும் இத்தாலியிலும் குடல் மருத்துவர்களே புறநோயாளிப் பிரிவில் ப்ரோபைக் கையில் எடுக்கிறார்கள். இங்கே 1994ஆம் ஆண்டின் கருப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்படி கருவியும் அதைக் கையாளும் மருத்துவரும் பதிவாகியிருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு ஏன் வந்தது என்பதை அறிந்தவர் எவரும் அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. சட்டத்துக்கு உட்பட்டே ஒரு வழி இருக்கிறது: குடல் அழற்சி நோய்க்கான புறநோயாளி நாளில், பதிவு பெற்ற கதிரியல் மருத்துவர் ஒருவரும் குடல் மருத்துவரும் ஒரே அறையில் அமர்ந்து திரையைப் பார்க்கட்டும். நோயாளி அன்றைக்கே முடிவோடு வீடு திரும்புவார்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. குடல் அழற்சி நோயாளியின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்தப் பகுதி, சுவரின் கனம், டாப்ளர் நிலை, குறுக்கம், ஃபிஸ்டுலா, சீழ்க்கட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் கொண்ட படிவத்தை இரு துறைகளும் கூடி வகுத்துத் தர வேண்டும். சரியாகத் தெரியவில்லை என்றால் எந்தப் பகுதி தெரியவில்லை என்பதையும் எழுதும்படி அதில் இடம் வேண்டும். முதுநிலைக் கதிரியல் மாணவர் பித்தப்பையைப் பார்க்கக் கற்கும்போதே குடல் சுவரையும் பார்க்கக் கற்க வேண்டும், தேர்விலும் அது கேட்கப்பட வேண்டும். ஸ்டீராய்டு கூட்டுவதற்கும் உயிரியல் மருந்து தொடங்குவதற்கும் முன்னால், காய்ச்சலோ கட்டியோ உள்ள நோயாளிக்கு அதே நாளில் குடல் ஸ்கேன் கிடைக்க வழி செய்ய வேண்டும். முதல் படிவம் தயாரானால் மாவட்ட மையங்களில் உள்ள எங்களைப் போன்றவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். நாங்களும் அதிலேயே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
மாவட்டக் கதிரியல் மருத்துவர் ஒருவர்