கல்குடாவில் விடுதி கட்டப்போகும் அண்ணாவுக்கு

துபாய்

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மட்டக்களப்புக் கடற்கரையில், கல்குடாவில் இருக்கும் நமது காணியில் குளிரூட்டிய பத்து அறைகளுடன் விடுதி கட்ட வங்கிக் கடன் எடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். அதைத் தொலைபேசியில் அரைகுறையாகப் பேசுவதைவிட, இத்தொழிலில் இங்கே நான் அன்றாடம் பார்ப்பதை எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

2024ஆம் ஆண்டில் இலங்கை முழுவதற்கும் வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 20 இலட்சத்து 53 ஆயிரம் பேர். துபாய் என்ற இந்த ஒரு நகரில் மட்டும் அதே ஆண்டில் 1 கோடி 87 இலட்சம் பேர் வந்து தங்கினார்கள். இத்தனை கூட்டத்தையும் மனிதரை வைத்தே சமாளிக்க முடியாது என்பதால், வரவேற்பு மேசையின் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கைத்தொலைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. விருந்தினர் விமானம் ஏறுமுன்பே கடவுச்சீட்டு விவரத்தைப் பதிந்துவிடுகிறார். அறைக் கதவையும் தொலைபேசியாலேயே திறக்கிறார். வரவேற்பு மேசையில் நிற்கும் எங்களைத் தேடி வருபவர், குறை சொல்ல வருவார். இல்லையென்றால் இந்த ஊர்க்காரர் எங்கே சாப்பிடுவார்கள் என்று கேட்க வருவார். அந்த இரண்டுக்கும் இன்னும் மனிதர்தான் வேண்டியிருக்கிறது. ஜப்பானில் 2015இல் ரோபோக்களை வைத்தே ஒரு விடுதியைத் திறந்தார்கள். அறையிலிருந்த பொம்மை, விருந்தினரின் குறட்டையைக் கேள்வி என்று எண்ணி, அவரை எழுப்பி எழுப்பிப் பதில் கேட்டதாம்! 2019 அளவில் அந்த ரோபோக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை நிறுத்திவிட்டார்கள்.

அண்ணா, குளிரூட்டிய அறையைப் பணம் உள்ள எவரும் கட்டலாம். போர் முடிந்தபின் பக்கத்துப் பாசிக்குடாவில் எழுந்த பெரிய விடுதிகள் கூட்டம் குறையும்போது வாடகையைக் குறைத்துவிடும். முன்பதிவுத் தளத்தில் அவர்களுடைய விலைக்குப் பக்கத்தில் உங்கள் விலை நிற்க வேண்டியிருக்கும், அதிலும் ஒரு பங்கு தளத்துக்கே தரகாகப் போய்விடும். நம் பக்கத்துக் கடல் அமைதியாக இருப்பது சித்திரை முதல் புரட்டாதி வரைதான். கார்த்திகை, மார்கழி மழையில் அறைகள் வெறுமையாகக் கிடந்தாலும் கடனுக்கு வட்டி ஓடும். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, அடுத்த ஆண்டு கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசையும் நீண்ட மின்வெட்டும். அப்படியொரு காலத்தைப் பெரிய கடனுடன் தாங்குவது கடினம்.

ஆகவே நான்கு அறைகள் போதும் என்பது என் எண்ணம். மிஞ்சும் பணத்தில் முதலில் கூரைக்குச் சூரிய மின்தகடும் அதற்கு மின்கலமும் நல்ல இணைய இணைப்பும் போடுங்கள். மடிக்கணினியில் வேலை செய்துகொண்டே வாரக்கணக்கில் ஓரிடத்தில் தங்கும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்கு பழகப் போகிறவர்களிலும் அத்தகையோர் உண்டு. மின்சாரம் போகாத மேசை ஒன்று இருந்தால், மழை மாதத்திலும் அவர்களில் சிலர் தங்குவார்கள். கழிவுநீர்க் குழியைக் கடலிலிருந்து தள்ளி, முறையாகக் கட்டுங்கள். பாசிக்குடாவின் ஆழமற்ற கடலும் அதைக் காக்கும் பவளப்பாறையும் கெட்டால் எவரும் வரமாட்டார்கள். தண்ணீரைப் பிளாஸ்டிக் போத்தலில் வைக்காதீர்கள். ஐரோப்பிய விருந்தினர் பலர் இப்போது அதைத்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

காட்டுவதற்கு நமக்கு என்ன குறை? கல்லடிப் பாலத்தருகே நிலவு நாளில் தோணியில் போய், துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுமுனையில் காது வைத்துப் பாடும் மீனைக் கேட்கச் செய்யலாம். அம்பாறைப் பக்கம் கல்லோயாப் பூங்காவில், சேனநாயக்க சமுத்திரத்தின் தீவுகளுக்கிடையே யானைகள் நீந்துவதைப் படகிலிருந்தே பார்க்க முடியும். மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வரும் நம் சனத்துக்கும் தங்க இடம் வேண்டும். வெள்ளைக்காரரை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாப்பாட்டு விடயத்தை அண்ணியிடமே விட்டுவிடுங்கள். இங்கே எங்கள் விடுதியின் காலை உணவு வரிசையில் பல நாட்டுப் பண்டங்கள் இருந்தாலும், அண்ணியின் நண்டுக் கறிக்கும் எருமைத் தயிருக்கும் ஈடாக ஒன்றையும் நான் காணவில்லை. பிட்டு, மீன் சொதி, சம்பல் என்று ஒருவருக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க இன்றைய விலையில் எவ்வளவு செலவாகும் என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். அறை வாடகையை அதை வைத்தே தீர்மானிக்கலாம். நான்கு அறைகள் என்றால் என் சேமிப்பிலிருந்து ஒரு பங்கு தருவேன். பத்து என்றால் என்னால் முடியாது.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை