நாய்க்கு நம்ம பேஸ்ட் வேணாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். செல்லப்பிராணி பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, ஆனா தடுப்பூசி, சாப்பாட்டோட நின்னுடுது, பல்லைப் பத்தி பேச்சே இல்ல. நாய்க்கு 42 பல்லு, பூனைக்கு 30, மஞ்சளா படியுறத தேய்க்காம விட்டா சில நாள்லயே காரையா இறுகிடும், அப்புறம் மயக்க மருந்து குடுத்துதான் டாக்டர் சுரண்டணும், செலவு வேற. நம்ம பேஸ்ட்டை மட்டும் வச்சுடாதீங்க, அதுங்களுக்கு துப்பத் தெரியாது, சில பேஸ்ட்டுல இருக்குற சைலிட்டால்ங்கிற இனிப்புப் பொருள் நாய்க்கு விஷம். விரல்ல ஈரத் துணியச் சுத்தி, உதட்ட லேசா தூக்கி, கன்னத்துப் பக்கம் கடைவாய்ப் பல்லை தேய்ச்சா போதும். பூனை பிறாண்டும், அது தனிக்கதை! எலும்பு கடிச்சா பல்லு சுத்தமாகும்னு எங்க தெருவுலயே சொல்றாங்க, பல்லு உடையுறதுதான் மிச்சம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள்கிட்ட கேட்டு ஒரு பக்கம் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரம்பூர்