என் துணைவியாரைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் சிற்றூரிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். கடந்த ஆவணி மாதத்தில் என் துணைவியார் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து உயிருக்குப் போராடியபோது உதவியவர்களை நேரில் கண்டு கைகூப்பிவிட்டேன். ஆயினும் அவர்கள் செய்தது இன்னதென்று ஊரறியச் சொன்னால், அவரைப் போல இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை விழுங்கும் மற்றவர்களுக்கும் அது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதாகி, 2016ஆம் ஆண்டு பெங்களூரில் அவருக்கு உலோக வால்வு பொருத்தினார்கள். உலோகத்தின் மேல் இரத்தம் உறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும்; உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். அதனால் இரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் அசினோகூமரால் என்ற மாத்திரையை அவர் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு மற்றவர்களுக்கு ஏறத்தாழ 1 என்று இருக்கும்; அவருக்கு அது 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும் என்று மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்தார்.

அவருக்குப் பல்வலி வந்தபோது மருந்துக் கடைக்குப் போனவன் நான். கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோலும் வலி நீக்கும் டைக்ளோஃபினாக்கும் ஐந்து நாளைக்குக் கொடுத்தார்கள். வேறு மாத்திரை உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. வால்வு ஆபரேஷன் செய்தவர் என்று நானும் சொல்லவில்லை. முதல் மாத்திரை அசினோகூமரால் உடலில் சிதையாமல் தடுத்து அதன் வேகத்தைக் கூட்டும் என்பதையும், இரண்டாவது இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும் என்பதையும் மருத்துவமனை வராந்தாவில் நின்றுதான் அறிந்துகொண்டேன்.

நான்காம் நாள் காலை, என் தாயாருக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் தன்னார்வலர் வந்தார். 5-8-2021 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தால்தான் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீர்ச் செம்பை நீட்டிய என் துணைவியாரின் முன்கை கன்றிப் போயிருந்ததைப் பார்த்து, "எங்கக்கா இடிச்சிக்கிட்டீங்க?" என்று கேட்டார். எங்கும் இடிக்கவில்லை என்றதும் அவர் கிளம்பவில்லை. பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வருகிறதா, சிறுநீர் சிவந்து போகிறதா, தலைவலி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு நாளாக மலம் தார் போலக் கறுத்துப் போவதை என்னிடம் சொல்லக் கூசியிருந்த என் துணைவியார், அவரிடம் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் விசாரித்துவிட்டு, "அப்போ வேற என்ன மாத்திரை போடறீங்க?" என்றார். மருந்துக் கடையில் யாரும் கேட்காத அந்தக் கேள்வியை அவர்தான் முதலில் கேட்டார். அட்டைகளைப் பார்த்த கையோடு 108க்குப் பேசி, எல்லா மாத்திரை அட்டைகளையும் ஐ.என்.ஆர். குறிப்பேட்டையும் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். நாளைக்குப் போகலாம் என்ற என் சொல்லை அவர் ஏற்கவில்லை.

அன்று ஐ.என்.ஆர். 8.4 இருந்தது. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு மருத்துவர் அசினோகூமராலை நிறுத்தி, இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்கள் உள்ள பிளாஸ்மா என்ற இரத்தத் திரவத்தை ஏற்றி, உறைதலுக்கு உதவும் வைட்டமின் கே ஊசியைச் சிறிய அளவில் மட்டும் கொடுத்தார். அதிகமாகக் கொடுத்தால் கசிவு நிற்கும், ஆனால் உலோக வால்வில் இரத்தம் உறைந்துவிடக்கூடும் என்று அத்தனை நெருக்கடியிலும் எனக்கு விளங்கும்படி சொன்ன அவருக்கு என் வணக்கம். இரத்தம் கொடுக்க மாங்கூழ்த் தொழிற்சாலையிலிருந்து வேலை உடுப்போடு ஓடிவந்த எங்கள் தெருப் பிள்ளைகள் இருவரையும் என் மக்களாகவே எண்ணுகிறேன்.

வார்டில் இருந்த செவிலியர் சகோதரிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை போட வேண்டும், மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்தபோது போடலாம், மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். தலையில் அடிபட்டால் காயமே தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்றார். சதையில் ஊசி போட வருபவரிடம் முதலில் இந்த மாத்திரையைச் சொல்லச் சொன்னார். நாட்டு மருந்தானாலும் கேட்காமல் தொடக்கூடாது என்றார். கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்று கேட்டறிந்து, ஆண்டுக்கணக்கில் முருங்கைக்கீரையை வீட்டுக்குள் விடாதிருந்தோம். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும், திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும்தான் கெடுதல் என்று அவர் சொன்னபோது என் துணைவியார் அழுதுவிட்டார். களிக்குக் கீரைக் குழம்பு இல்லாமல் உண்பது எங்கள் பக்கத்தில் எளிதன்று.

இப்போது நாங்கள் மாத்திரை வாங்கும் காவேரிப்பட்டணம் மருந்தாளுநர், ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிகிராம் என்று வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே அட்டையைக் கொடுக்கிறார். ஒரே பெயரில் பல அளவுகள் வருவதால் அந்தக் கவனத்தை மதிக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணமான அந்தப் பல்லையும் எடுத்தாயிற்று. பல் மருத்துவர் இதய மருத்துவரிடம் பேசி, மாத்திரையை நிறுத்தாமலே, முந்தைய நாளே ஐ.என்.ஆர். 2.8 என்று உறுதி செய்துகொண்டு பல்லைப் பிடுங்கித் தையல் போட்டார். பஞ்சை அழுத்திப் பிடித்து இரத்தம் நிற்கும்வரை எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. அடுத்த செவ்வாய் தன்னார்வலர் என் தாயாருக்கு மாத்திரை கொண்டுவருவார். அவருக்கு முருங்கைக்கீரையும் களியும் ஆக்கிப் போட வேண்டும் என்று என் துணைவியார் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
காவேரிப்பட்டணம் வட்டாரத்து விவசாயி ஒருவர்