சுளகு இருந்த மடியில் ஒரு நோட்டு

மெல்பர்ன்,
ஆடி மாதம்.

அன்புள்ள மதினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணனுக்கு முட்டுவலி தேவலையா? குற்றாலத்தில் சாரல் நன்றாக அடிக்கிறதாம், டிவியில் காட்டினார்கள். இங்கே இப்போதுதான் கடுங்குளிர். ஆடி மாதத்தில் இரண்டு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் முக்கூடலில் யார் நம்புவார்கள்?

காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கூடத்துக்கு. நாலு மணி வரைக்கும் நானும் ஹீட்டர் சத்தமும்தான். தெருவில் ஒரு ஆள் கிடையாது. வந்த புதிதில் ஜன்னலோரம் இருந்து போகிற வருகிற காரை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் பீடி சுற்றின கை, சும்மா இருக்கச் சொன்னால் கேட்குமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்கக் கூடாது. நான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். கதை என்றும் சொல்ல முடியாது. நம்ம தெரு, நம்ம ஆட்கள், அவ்வளவுதான்.

இங்கே நூலகத்தில் தமிழுக்கென்று ஒரு அலமாரி இருக்கிறது. அதில்தான் எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கி.ரா. என்பார்களே, அவர் புத்தகம் கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்காரர். அதே ஊரில் அவருடைய கூட்டாளி கு. அழகிரிசாமி சின்ன வயதிலேயே எழுதிப் பேர் வாங்கிவிட்டார். கி.ரா.வோ காடுகரை பார்த்துவிட்டு முப்பது வயதுக்கு மேல்தான் எழுத வந்தாராம். அப்புறம் 1991இல் சாகித்ய அகாதெமி விருதே கிடைத்திருக்கிறது. முப்பதெல்லாம் ஒரு வயதா மதினி? எனக்கு அறுபத்து மூன்று. ஆனாலும் மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன்.

வாங்கினதோடு சரி. மூன்று மாதம் அது சும்மா கிடந்தது. மனசு வரட்டும், வரட்டும் என்று இருந்தேன். ஒருநாள் யோசித்தேன்: மனசு வந்தா பீடி சுற்றினோம்? ராத்திரியே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்போம். விடிந்ததும் தகடு வைத்து வெட்டி, இலையும் புகையிலைத் தூளும் வைத்த சுளகை, இங்கே முறம் என்பார்கள், மடியில் ஏந்தினால் காய்ச்சலோ தலைவலியோ, ஆயிரம் முடிய வேண்டும். இருபத்தைந்து இருபத்தைந்தாக நாற்பது கட்டு. இப்போது மடியில் ஒரு தட்டு, தட்டின்மேல் நோட்டு. ஒரு நாளைக்கு நாற்பது வரி என்று கணக்கு வைத்துக்கொண்டேன். முதல் நாள் ஏழு வரிதான் வந்தது. பீடிக் கடைக்கு ஏழு கட்டோடு போயிருந்தால் கணக்கப்பிள்ளை முகம் எப்படி இருந்திருக்கும்!

நான் எட்டாங்கிளாஸ்தான். ஆனால் எழுத்து எனக்குப் புதுசா என்ன? பம்பாயில் இருந்த மாப்பிள்ளைமாருக்கு நம்ம தெருப் பெண்களின் இன்லண்ட் லெட்டர் எல்லாம் நான் எழுதினதுதானே. அவர்கள் அழுதுகொண்டே சொல்வார்கள், நான் இலை வெட்டுகிற கையைத் துடைத்துவிட்டு எழுதுவேன். 'இங்கு யாவரும் நலம்' என்று தொடங்கி, ஓரத்து மடிப்பில்தான் அரிசி இல்லாத விஷயம் வரும். செல்போன் வந்தது, அதுவும் நின்றது. அத்தனை வருஷத்தில் என் சொந்தப் பேச்சாக ஒரு வரி எழுதினதில்லை என்பது இங்கே வந்துதான் உறைத்தது.

இப்போது 1992 நவம்பர் வெள்ளத்தை எழுதுகிறேன். தாமிரபரணி ஊருக்குள் வந்த ராத்திரி. நனைந்து போன இலைக்கும் கடையில் கூலியில் காசு பிடித்தார்களே, அது அப்படியே கையில் வந்துவிட்டது, ஒரே மூச்சில் அறுபது வரி. கோபம் இருந்தால் பேனா தானாக ஓடுகிறது. முத்துமாலை அம்மன் கோயில் பக்கம் தண்ணீர் ஏறினதும் எழுதிவிட்டேன்.

ஒரு இடத்தில்தான் நிற்கிறது. அன்றைக்கு என் சுளகை யாரோ மச்சில் தூக்கி வைத்தார்கள். மறுநாள் அதிலிருந்த தூள் மட்டும் நனையாமல் இருந்தது. அது நீங்களா, அண்ணனா? நம்ம அம்மையா? அவள் அப்போது எழுந்து நடப்பாளா என்றுகூட எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது.

போனில் சொல்ல வேண்டாம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரியே எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

உங்கள் நாத்தனார்.